சர் தாமஸ் மன்றோ

நம் கள்ளக்குறிச்சிப் பகுதியில் பழைய பட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டாத குடியானவர் வீடு அரிது. அக்காகிதத்தின் வரலாற்றோடு பிணைந்த ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

மன்றோ 1761-ஆம் வருஷம் மே மாதம் 27-ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் புகையிலை வணிகர். அமெரிக்க யுத்தத்தினால் அவ்வணிகம் நொடித்துப் போகவே, மகனார் கும்பினிப் படையில் சேர்ந்து 1780-இல் சென்னையில் வந்திறங்கினார்.

1792-இல் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகாலை நிர்வகிக்கச் சென்ற ரீடு துரைக்கு இவர் உதவியாளரானார். தர்மபுரியில் ஏழாண்டு தங்கி, வயல்வயலாக அளப்பித்து, குடியானவரோடு நேரிற் பேசித் தீர்வை விதித்தார். இடையில் ஜமீன்தாரோ குத்தகைதாரரோ நிற்க, உழுகிறவன் பெருமூச்சு விடுவதை அங்கேதான் கண்டறிந்தார்.

1800-இல் பல்லாரி, கடப்பைச் சீமைகளின் கலெக்டரானார். அங்கே தாம் விதித்த தீர்வை மிகுதி என்பதைத் தாமே உணர்ந்து, நூற்றுக்கு 25 பங்கு குறைக்குமாறு 1807-இல் எழுதினார். தம் பிழையைத் தாமே எழுதிக் காட்டும் அதிகாரியை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்? மேலிடத்தார் இணங்கவில்லை. அவர் தாயகம் சென்றார். இராஜதானியிலோ கிராமக் குத்தகை முறை பரவியது. 1820-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தபின், அக்குறைப்பைத் தாமே உத்தரவிட்டார். ரயத்துவாரி முறையும் பல ஜில்லாக்களில் நிலைபெற்றது.

குறைகளையும் மறைத்தல் தகாது. குறைத்த பின்னரும் தீர்வை பாரமாகவே இருந்தது. பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவருக்குப் பட்டா ஏது? நம் கண்ணெதிரே நிற்கும் கல்வராயன் மலைக்கும் அம்முறை ஏறவில்லை. அங்கே மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது.

பர்மா யுத்தத்தினால் ஓய்வு தள்ளிப்போயிற்று. மனைவியார் நோயுற்ற மகனுடன் 1826-இல் முன்னதாகவே கப்பலேறினார். தாமும் புறப்படுமுன் பழைய குடிகளைக் காண விரும்பிச் சென்றவர், வாந்திபேதி கண்டு, 1827-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ஆம் தேதி பத்திகொண்டாவில் உயிர்நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற உடல், பின்னர் சென்னைக் கோட்டை மாதா கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. அச்சீமைக் குடிகள் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு வழங்கினர்.