தலைச்சுற்றின் ஊற்றைக் காதில் கண்ட ரொபர்ட் பாரனி

தொழுகையில் சுஜூதுக்குத் தலை தாழ்த்தும்போதும், அதிகாலையில் படுக்கையில் இருந்து எழும்போதும் உலகமே சுழல்வதாகக் கூறுவோர் நம்மிடையே பலர் உளர். கெலிஓயா போன்ற ஊர்களில் இதனைப் பித்தம் என்பாரும், இரத்த அழுத்தம் என்பாரும், கழுத்தெலும்பு விலகியது என்பாரும் உண்டு. கடைசிக் கருத்தை நம்பிக் கழுத்தைச் சொடுக்கி விடுவோரை நாடுவோரும் இல்லாமலில்லை. கைரோபிரக்டிக் என்ற மேனாட்டுப் பெயர் அந்நம்பிக்கைக்குப் புது மெருகு ஊட்டியுள்ளது. இந்நிலையில், சுழற்சி பிறக்கும் இடத்தை ஆய்வினால் காட்டிய ஒரு வைத்தியரின் வாழ்க்கையை நினைவுகூருவது பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

1876 ஏப்ரல் 22ஆம் திகதி வியன்னா நகரில், ஹங்கேரிய வழிவந்த யூதக் குடும்பமொன்றில் ரொபர்ட் பாரனி பிறந்தார். சிறு வயதில் எலும்பைப் பற்றிய காசநோய் அவரது முழங்காலை நிரந்தரமாக விறைக்கச் செய்துவிட்டது. எனினும் மலை ஏறுவதையோ டென்னிஸ் ஆடுவதையோ அவர் கைவிடவில்லை. 1900இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபின், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த அடம் பொலிட்சரின் காது நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பணிபுரியலானார்.

நீர் பீச்சிக் காதைக் கழுவும்போது தலை சுற்றுகின்றது என நோயாளர் முறையிடுவது அங்கு அன்றாட நிகழ்ச்சி. அவ்வேளையில் அவர்களது விழிகள் ஒரு பக்கமாகத் துடிப்பதைப் பாரனி கவனித்தார். நீர் குளிர்ந்திருந்தால் மாத்திரமே தமக்குச் சுற்றுவதாக நோயாளி ஒருவர் கூறவே, மிகச் சூடான நீரைக் கொண்டுவரச் செய்தார். அப்போதும் சுற்றியது, ஆனால் விழிகள் எதிர்ப்புறமாகத் துடித்தன. குளியலறைக் கொதிகலனில் சூடான நீர் மேலெழுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் அவர் சிந்தையில் பளிச்சிட்டன. உட்காதின் அரைவட்டக் கால்வாய்களில் நிரம்பியுள்ள திரவமும் வெப்பத்துக்கேற்ப அவ்வாறே அசைகின்றது. தலை அசையாதிருக்கவே அது சுழல்வதாக மூளைக்குச் செய்தி போய்ச் சேருகின்றது. கழுத்தைத் தொடாமலே, சிறிதளவு நீரைக்கொண்டு நலமுள்ள ஒருவருக்கும் தலைச்சுற்றை உண்டாக்கலாம் என்பதும், எக்காது பழுதுற்றது என்பதை விழியைப் பார்த்தே அறியலாம் என்பதும் இதனால் தெளிவாயின. இச்சோதனை இன்றும் வைத்தியசாலைகளில் செய்யப்படுகின்றது.

பாரனி இளைஞராயிருந்த 1895இல், அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டானியல் டேவிட் பால்மர் என்பவர், கட்டடக் காவலாளி ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் செவிப்புலனை மீட்டதாகக் கூறிக் கைரோபிரக்டிக் முறையைத் தொடக்கினார். செவி நரம்போ முள்ளந்தண்டினூடாகச் செல்வதேயில்லை. மண்டையோட்டினுள்ளேயே மூளையை அடைந்துவிடுகின்றது. வியன்னாவில் நடந்தது சோதனை, டேவன்போர்ட்டில் நடந்தது உரிமைகோரல் என்பதே நமது கணிப்பு.

முதலாம் உலக யுத்தம் மூண்டதும், முழங்காலைக் காரணங்காட்டி விலகியிருக்கக் கூடிய பாரனி, தலையில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளிக்கத் தாமாகவே முன்வந்து ஒஸ்ட்ரிய-ஹங்கேரியப் படையில் சேர்ந்தார். ரஷ்யரிடம் சிறைப்பட்ட அவர், இன்றைய துர்க்மெனிஸ்தானிலுள்ள மர்வ் பகுதிக் கைதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அப்பாஸிய கலீபா மஃமூன் சில காலம் வீற்றிருந்து ஆண்டதும், ஹதீஸ் அறிஞர் அப்துல்லாஹ் இப்னு முபாரக் பிறந்ததுமான அதே மர்வ்தான் அது. அங்கு மலேரியாவால் வாடியபோதும் காது நோயாளரைக் கவனித்து வந்தார். மருத்துவத்துக்கான 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தி சிறைமுகாமிலேயே அவரை எட்டிற்று. சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் ரஷ்யப் பேரரசரிடம் முறையிட்டதன் பேரில் 1916இல் விடுதலையானார்.

வியன்னாவில் அவரை வரவேற்றது பாராட்டன்று. பிறருடைய ஆய்வுகளுக்கு உரிய மதிப்பளிக்கவில்லை எனச் சக ஆய்வாளர் குற்றஞ்சாட்டினர். மனமுடைந்த பாரனி, 1917இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தை அடைந்து, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

நமது வாசகர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய அவரது அவதானம் 1921இல் வெளிவந்தது. தலையைக் குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுசெல்லும்போது மாத்திரம் சில விநாடிகள் எழும் சுழற்சியை விபரித்து, அதற்கு உட்காதின் சுண்ணாம்புத் துணிக்கைகளோடு கூடிய உறுப்பே காரணம் என்றார். 1936 ஏப்ரல் 8ஆம் திகதி, அறுபதாவது பிறந்த தினத்துக்கு இரு வாரங்கள் இருக்கையில் அவர் காலமானார். அதனைக் கண்டறியும் முறையை மார்கரெட் டிக்ஸ், சார்ள்ஸ் ஹோல்பைக் ஆகியோர் 1952இல் வகுத்தனர். ஹோல்பைக் பிறந்தது இன்று பாகிஸ்தானிலுள்ள மர்ரி என்னும் மலை நகரிலாகும். இடம் மாறிய துணிக்கைகளைத் தலையைப் படிப்படியாகத் திருப்பி உரிய இடத்துக்குச் சேர்ப்பிக்கும் சிகிச்சையை அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி உருவாக்கி 1992இல் விரிவாக வெளியிட்டார். சில நிமிடங்களே எடுக்கும் இதற்கு மருந்தோ கத்தியோ தேவையில்லை. கைரோபிரக்டிக் பயின்றோருள் சிலரும் இன்று இதனையே செய்கின்றனர். அங்கு குணம் தருவது காதிலுள்ள துணிக்கையின் நகர்வேயன்றிக் கழுத்தெலும்பின் நகர்வன்று. கழுத்தை வேகமாகச் சொடுக்குவதோ, அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் ஏற்படுவதுடன் தொடர்புபட்டுள்ளது.

குனிகையில் சுற்றுவோர் கண்டி தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை நாடலாம். குணமாகும்வரை அமர்ந்து தொழுவதற்கு நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. சுழற்சியோடு நாக்குழறல், கைகால் சோர்வு, பொருள்கள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்றேனும் சேர்ந்திருப்பின் அது காதின் கோளாறன்றி மூளையின் கோளாறாக இருக்கக்கூடும்; விடியும்வரை காத்திராது அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.