புரோட்டானின் உள்ளே நோக்கிய பேரறிஞர்

தெரியாததைத் தெரியாது என ஒப்புவது அறிஞர்க்கு அழகு. அவ்வழகு வாய்க்கப்பெற்ற இயற்பியல் மேதை ரிச்சர்டு ஃபெயின்மனின் வாழ்வை இங்கு நாம் சுருங்கக் காண்போம்.

1918ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். ஒரு பறவையின் பெயரை அறிந்து அமைவதினும் அதன் செயலை உற்றுநோக்குவதே அறிவு என்று தந்தையார் மெல்வில் மகனைப் பழக்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பிரின்ஸ்டனிலும் அவர் பயின்றார். 1945ஆம் ஆண்டு இளம் மனைவி ஆர்லீனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரையும் தாங்கி ஆய்வைத் தொடர்ந்தார். ஒளியும் மின்னூட்டத் துகள்களும் ஒன்றோடொன்று வினைபுரியும் முறையை விளக்கியமைக்காக 1965ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரையும் ஷ்விங்கர், டோமோனாகா ஆகியோரையும் வந்தடைந்தது.

பரிசு பெற்றபின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள முடுக்கியில், எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது செலுத்தி ஆராய்ந்து வந்தனர். எலக்ட்ரான்கள் எதிர்பாராத அளவில் பெருங்கோணங்களில் சிதறின. 1968ஆம் ஆண்டு அங்குச் சென்ற ஃபெயின்மன், புரோட்டானுக்குள் நுண்ணிய உறுப்புகள் உள என்றும் எலக்ட்ரான் அவற்றுள் ஒன்றையே தாக்குகிறது என்றும் விளக்கினார். அவருடன் ஒரே கல்விக்கூடத்தில் பணியாற்றிய மரே ஜெல்மன், குவார்க் என்னும் துகள்களை 1964ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்திருந்தார். எனினும், சான்று கிட்டுமுன் அப்பெயரைச் சூட்ட ஃபெயின்மன் விரும்பவில்லை. பகுதி எனப் பொருள்படப் பார்ட்டான் என்றே வழங்கினார். அவை குவார்க்குகளும் குளுவான்களுமே எனப் பின்னர் ஆய்வுகள் நிறுவின. ஆய்ந்து தெளியாமல் எதனையும் ஏற்கலாகாது என்று வற்புறுத்திய இப்னுல் ஹைதமின் நெறியும் இதுவன்றோ!

1988ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விதைத்த கருத்தோ மேலும் வளர்ந்தது. ஒவ்வொரு புரோட்டானிலும் பார்ட்டான்கள் பல இருப்பின், ஒரே மோதலில் இரண்டு இணைகள் தனித்தனியே மோதுதலும் கூடுமன்றோ? அதனை அறிவதெவ்வாறு? ஒரே இணையின் மோதலில் துகள்தாரைகள் நான்கு பிறப்பின், அவை நான்கும் சேர்ந்தே சமன்படும். ஈரிணைகள் மோதினாலோ, தாரைகள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் தம்முள் சமன்படும். இவ்வேறுபாட்டை எண்ணிக் கணித்தே அளவிடுகின்றனர். சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வகத்தில், புரோட்டான்களை எதிர்ப்புரோட்டான்களோடு மோதவிட்டு ஆராய்ந்த சி.டி.எஃப். குழுவினர், இதற்குரிய பயனுறு பரப்பை ஏறத்தாழ 14.5 மில்லிபார்ன் என 1997ஆம் ஆண்டு வெளியிட்டனர். இப்பரப்பு சிறுத்தால் இரண்டாம் மோதலுக்கான வாய்ப்பு பெருகும். பார்ட்டான்கள் புரோட்டானுள் சீராகப் பரவாமல் நடுவே நெருங்கியுள்ளன என்பதற்கு இது குறிப்பாகும். ஜெனீவாவை அடுத்த பெரும் மோதுகலனிலும் இவ்வளவீடு தொடர்ந்தது.

கண்ணுக்குப் புலனாகாததையும் அளந்தறியும் ஆற்றலை இறைவன் மனிதனுக்கு அருளியிருக்கிறான். அளக்குமுன் அறிந்ததாகச் சாதியாத அடக்கமே அவ்வாற்றலுக்கு அணிகலன். மாணவச் செல்வங்களே, பேரறிஞர் ஃபெயின்மனிடம் நாம் கற்கத்தக்க பாடம் இதுவே.