வாசலில் நின்ற அம்மையார்

ஞானஸ்நானம் பெறாதவருக்கு மீட்பு உண்டா? கிறிஸ்தவ உலகின் இப்பழைய வினாவைத் தம் வாழ்வையே பணயம் வைத்து ஆராய்ந்தவர் சிமோன் வெய்ல் அம்மையார்.

1909ஆம் ஆண்டு பாரிசு நகரில் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் மருத்துவர், வீட்டில் சமயப் பயிற்சி இல்லை. தமையனார் ஆந்திரே வெய்ல், கணிதம் பயிலும் நம்மில் பலர் அறிந்த பெயர். 1930 முதல் 1932 வரை அலிகார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அண்ணனின் கூர்மதிக்கு முன் தாம் ஒன்றுமில்லை எனப் பதினான்கு வயதில் தங்கை மனமுடைந்தார். மாதக்கணக்கில் வருந்திய பின் ஒரு தெளிவு பிறந்தது. உண்மையை விரும்பி, அதன்மேல் கருத்தூன்றிக் காத்திருப்பவர், திறமை குறைந்தவராயினும் அதை அடைந்தே தீர்வர்!

பின்னர்த் தத்துவ ஆசிரியையானார். தொழிலாளர் துயரைப் புத்தகத்தில் படித்தால் போதாதென்று, 1934-35இல் ஆலைகளில் கூலிக்கு உழைத்தார். 1938இல் சொலெம் மடத்தில், கடுந்தலைவலியோடு புனித வார வழிபாட்டில் இருந்தபோது, கிறிஸ்துவின் பாடுகள் அவர் உள்ளத்தில் புகுந்தன.

1941இல் மார்செய் நகரில் பெரேன் என்னும் தொமினிக்கன் சபைக் குருவைச் சந்தித்தார். ஞானஸ்நானம் பற்றி இருவரும் நெடிது பேசினர். விசுவாசம் இருந்தது, ஆயினும் அம்மையார் இசையவில்லை. ஏன்? மாற்றுக் கருத்தினரைச் சபித்து விலக்கிய திருச்சபையின் வரலாறு அவரை உறுத்தியது. பிளேட்டோவிடமும், வடமொழி கற்றுப் படித்த கீதையிலும் அவர் ஒளி கண்டிருந்தார். வெளியே நிற்கும் கோடானுகோடி மக்களை விட்டுத் தாம் மட்டும் உள்ளே செல்ல மனம் ஒப்பவில்லை.

1547இல் திரெந்து சங்கம், ஞானஸ்நானம் மீட்புக்கு இன்றியமையாதது என்றது. ஆனால் அதன்மேல் கொண்ட ஆவலுக்கும் இடமளித்தது. சிலுவையில் மனந்திரும்பிய கள்வனுக்கு நீர் வார்த்தவர் எவர்? எனினும் அம்மையார் ஆவல் கொண்டவரா, மறுத்தவரா? சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

1942இன் இறுதியில் அவர் லண்டன் சேர்ந்தார். காசநோயுற்றும், பகைவர் பிடியிலிருந்த பிரெஞ்சு மக்களின் பங்குக்கு மேல் உண்ண மறுத்தார். 1943 ஆகஸ்டு 24இல் ஆஷ்ஃபோர்டு மருத்துவ விடுதியில் உயிர் நீத்தார். வயது 34. நோய்ப்படுக்கையில் தாமே அவர் தலையில் நீர் வார்த்ததாகத் தோழி ஒருவர் பின்னாளில் கூறினார். அதைப் பற்றி அறிஞரிடையே ஐயம் உண்டு.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோரும், கடவுளை நேர்மையாகத் தேடி மனச்சான்றின்படி நடந்தால் மீட்படையலாம் என்றது. சிமோனோ அறியாதவர் அல்லர். அறிந்தே வாசலில் நின்றவர். ஆகவே அவ்வுரையும் அவர் வழக்கை முழுதும் தீர்க்கவில்லை.

நண்பர்களே, பதினான்கு வயதில் அச்சிறுமி கண்ட தெளிவே இதற்கும் விடையாகும் என்பது என் எண்ணம். அவர் தலையில் நீர் விழுந்ததோ இல்லையோ, நெஞ்சில் தாகம் இருந்தது. அத்தாகத்தை ஆண்டவன் அறியாமல் இருப்பானா?