உப்புக்கு இறுகாத சேறு

இரண்டு கிளாசில் களிமண்ணைக் கரைத்து, ஒன்றில் மட்டும் ஆனையிறவு உப்பைப் போட்டுப் பாருங்கள். உப்புப் போட்டதில் மண் திரண்டு கெதியாக அடியில் படியும். இதைச் செய்துபார்த்த அன்றுதான் சாந்தி சுவரூப் பட்நாகரைப் பற்றி எழுத நினைத்தேன்.

அவர் 1894 இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பேரா என்ற ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருக்கையில் தகப்பன் இறந்துவிட, பொறியியலாளரான தாய்வழிப் பாட்டனார் வளர்த்தார். 1921 இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, காசியில் படிப்பித்து, 1924 இல் லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

ராவல்பிண்டியில் இயங்கிய அட்டொக் எண்ணெய்க் கம்பனிக்கு ஒரு சிக்கல். கிணறு துளைக்கும்போது உள்ளே அனுப்பும் சேற்றுக் குழம்பு, நிலத்தடி உப்புப் பட்டதும் இறுகிவிடும், வேலை நின்றுவிடும். கம்பனிக்கு வேலை ஓடினால் போதும், நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். பல்கலைக்கழகத்தாருக்கோ ஏன் இறுகுகிறது என்பதுதான் கேள்வி. பட்நாகர் அந்த ஏனைத்தான் முதலில் பிடித்தார். ஒருவகைப் பிசினைக் கலந்தார். சேறு இளகியது, பிறகு உப்புக்கும் மசியவில்லை.

கம்பனியின் இலண்டன் முகவர்களான ஸ்டீல் பிரதர்ஸ், பெற்றோலிய ஆராய்ச்சிக்கென 1,50,000 ரூபாவை அவருக்கே தர முன்வந்தார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காசு! அவர் அதைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகத் தரச் செய்தார். அங்கே பெற்றோலிய ஆராய்ச்சிப் பிரிவு உருவானது. மெழுகின் வாடையை நீக்குவது, மண்ணெண்ணெய்ச் சுடரை உயர்த்துவது எல்லாம் அங்கே ஆராயப்பட்டன. புத்தளம் முகாமில் குப்பி விளக்கில் படித்த உம்மா, இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

என் ராத்தா பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. ஒரு நிறுவனம் அவருடைய ஆய்வுக்கு மாதிரிகளைக் கொடுத்துவிட்டு, தாங்கள் சம்மதித்த பிறகே முடிவுகளை எழுதலாம் என்கிறது. துறையில் திகதி பிந்தக்கூடாது என்கிறார்கள். கடை நடத்தும் வாப்பாவுக்குத் தொழில் இரகசியம் விளங்கும். அவர் நிறுவனத்தின் பக்கம். நான் ராத்தாவின் பக்கம். நடுவில் அவருக்குத்தான் நித்திரையில்லை.

பட்நாகர் 1942 இல் இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கி நடத்தினார். தேசிய ஆய்வுகூடங்கள் பல எழுந்தன. 1955 ஜனவரி 1 ஆம் திகதி காலமானார்.

எது யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் தரும்படி கேட்க, திங்கட்கிழமை ராத்தா நிறுவனத்துக்குப் போகிறார். வாப்பாவும் கூடப் போகிறார்.