பேராதனையில் தேனீக்களின் மொழி பயின்ற லின்டவர்

கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு திரும்புகின்றனர். தேனீக்களின் நடனமொழி எவ்வாறு படிப்படியாக வளர்ந்திருக்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடி ஒரு ஜேர்மன் விஞ்ஞானி இதே பேராதனைக்கு வந்திருந்தார் என்பதை நம்மில் பலர் அறியார். திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலேயே அமைந்த அத்தியாயத்தை ஓதிவரும் வாசகர்களுக்கு இச்செய்தி சுவையாயிருக்கும் என்று கருதுகிறோம்.

மார்ட்டின் லின்டவர் 1918 ஆம் ஆண்டு டிசம்பரில் தென் ஜேர்மனியின் பவேரியாவில், பிள்ளைகள் பலரைக் கொண்ட ஏழை விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஹிட்லரின் படையிற் சேர்க்கப்பட்ட அவர், 1942 இல் ரஷ்யப் போர்முனையிற் படுகாயமடைந்தார். அந்தக் காயமே அவரது உயிரைக் காத்தது எனலாம். அவரோடு நின்ற படையினர் ஸ்டாலின்கிராட் சமருக்கு அனுப்பப்பட்டபோது, மிகச் சிலரே உயிருடன் மீண்டனர். மியூனிக்கில் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில், பேராசிரியர் கார்ல் வொன் ஃபிரிஷ்ஷின் விரிவுரையைக் கேட்குமாறு வைத்தியர் ஒருவர் அவருக்கு ஆலோசனை கூறினார். அழிவையே கண்டு சலித்திருந்த இளைஞருக்கு அந்த விரிவுரை வாழ்க்கைப் பாதையைக் காட்டிற்று. யூத வம்சாவழியைக் காரணங்காட்டி நாஜிகள் பதவியிலிருந்து அகற்ற முயன்ற மனிதர்தாம் அந்தப் பேராசிரியர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

உணவைக் கண்டு திரும்பும் தேனீ, கூட்டின் இருளில் செங்குத்தான அடைமீது ஆடிக்காட்டுகிறது. அந்த ஆட்டம் மேல்நோக்கி அமைந்தால் சூரியன் இருக்கும் திசையிற் செல்க என்பது பொருள். வலப்புறம் சாய்ந்தால் சூரியனுக்கு அதே கோணத்தில் வலப்பக்கம் செல்ல வேண்டும். இதனைக் கண்டறிந்தவர் ஃபிரிஷ். ஆனால் இத்தகைய குறியீட்டு மொழி ஒரே நாளில் உருவாகியிராது அல்லவா? அதன் எளிய முன்வடிவங்கள் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், பலவகைத் தேனீக்கள் வாழும் ஆசியாவிலேயே அவற்றைத் தேடவேண்டும் என்று எண்ணி, 1950களின் நடுப்பகுதியில் லின்டவர் இலங்கை வந்தார்.

இங்கே அவருக்குப் பெருவிருந்தே காத்திருந்தது. மெல்லிய கிளையில் ஒற்றை அடை கட்டும் சிறுதேனீ, அடையின் மேற்புறத்துச் சமதளத்தில் வானத்தைப் பார்த்தவாறு ஆடி, உணவிருக்கும் திசையை நேராகவே சுட்டியது. கூட்டைத் திருப்பிவைத்தபோது, புதிதாக மேலே வந்த பகுதிக்கு ஏறிய பின்னரே அது ஆடியது. சீகிரியாவில் உல்லாசப் பயணிகளைக் கொட்டியதாக நாம் அடிக்கடி செய்தி வெளியிடும் பெருந்தேனீயோ, செங்குத்து அடையில் ஆடினாலும் திறந்த வெளியிலேயே கூடு கட்டுகிறது. நம் கிராமத்தவர் மண்பானைகளில் வளர்க்கும் பொந்துத் தேனீ இருளிலும் பிழையின்றி ஆடியது. சுட்டுவிரல் நீட்டுவதிலிருந்து குறியீட்டுக்கு முன்னேறிய படிகளை இம்மூன்றிலும் அவர் கண்டார். அந்த ஆய்வு 1956 இல் வெளியாயிற்று.

பூமத்திய ரேகையை அண்டிய நம் நாட்டில் ஆண்டுக்கு இருமுறை நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது திசைகாட்டச் சூரியன் எதற்கு உதவும்? சூரியன் உச்சிக்கு இரண்டு மூன்று பாகை நெருங்கும் வரையில் தேனீக்கள் திசையறிந்தன. அதற்கும் நெருங்கினால் தடுமாறின என்று லின்டவர் அளந்தறிந்தார். ஐரோப்பாவிலிருந்துகொண்டு செய்ய முடியாத ஆய்வு அது.

அவரது முடிவுகள் அனைத்தும் அப்படியே நிலைக்கவில்லை. 1980களில் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டயர், சிறுதேனீ சரிவான தளத்திலும் ஆடவல்லது என்றும், பெருந்தேனீ நிலவொளி இரவிலும் ஆடுகிறது என்றும் காட்டினார். படிக்கட்டு லின்டவர் எண்ணியதைவிடச் சிக்கலானது. எனினும் கேள்வியைச் சரியான இடத்திற் கேட்டவர் அவரே.

1973 இல் ஃபிரிஷ்ஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாணவருக்கு அதிற் பங்கில்லை. நம் பார்வையில், ஆசானின் புகழ் நிழலில் லின்டவரின் பெயர் சற்று மங்கியே போயிற்று. யுத்தத்தில் இடிந்த மியூனிக்கில், புகைக்கரியும் செங்கற்றூளும் படிந்த தேனீக்கள் திரளின்மீது ஆடியதைக் கண்டு, அவை உணவை அல்ல, குடியேறப் புதிய இல்லத்தை அறிவிக்கின்றன என 1949 இல் உணர்ந்தவரும் அவரே. பிராங்ஃபர்ட்டிலும் பின்னர் வூர்ட்ஸ்பர்க்கிலும் பேராசிரியராகப் பணியாற்றிய லின்டவர், 2008 நவம்பரில் தமது 89 ஆவது வயதிற் காலமானார்.