நகரபிதாவான பெண்மணி

பரிசளிப்பு விழாவுக்கு நகரபிதா வருகிறார் என்றால், மாலையும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி வாயிலில் காத்துநின்ற நாட்களை எம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பிதா என்னும் அச்சொல்லில் பெண்ணுக்கு இடமில்லை என்பது அன்று எமக்கு உறைக்கவில்லை. இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நகரின் மேயராகிய பெண்மணியை எமது நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புவது அதனாலேயே. அவர் எலிசபெத் கரற் அன்டர்சன். வைத்தியராக அவரைப் பலரும் அறிவர். உள்ளூராட்சியில் அவர் நடந்து வந்த பாதையை அறிந்தோர் சிலரே.

1836 ஜூன் 9ஆம் நாள் இலண்டனில் பிறந்த எலிசபெத், ஐந்து வயதளவில் பெற்றோருடன் சஃபோக் கரையோரத்திலுள்ள ஓல்ட்பரோ என்னும் சிறு பட்டினத்தில் வந்து குடியேறினார். தந்தையார் நியூசன் கரற் தானியமும் நிலக்கரியும் வாணிபம் செய்து முன்னேறியவர். பதின்மூன்றாவது வயதில் மகளை விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கப்படவில்லை என்ற குறை எலிசபெத்தின் மனத்தில் நெடுங்காலம் இருந்தது. விடுதியில் வாழ்ந்த எம்மவர்க்கு இது புரியும்: பாடசாலை தந்ததைப் போலவே, தராமல் விட்டதும் ஒருவரை உருவாக்குகிறது.

வைத்தியராக வேண்டும் என்று அவர் துணிந்தபோது பல்கலைக்கழகங்களின் கதவுகள் மூடியிருந்தன. மருந்தாளர் சங்கத்தின் விதிகளில் மட்டும் பெண்களைத் தடுக்கும் சொல் இருக்கவில்லை. வழக்குத் தொடுப்பேன் என்று தந்தையார் எச்சரித்தார்; சங்கம் இணங்கியது. 1865இல் எலிசபெத் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெற்றார். அடுத்து வேறொரு பெண் அவ்வழியே வராதபடி சங்கம் தன் விதிகளை மாற்றிக்கொண்டது. அவரோ பிரெஞ்சு மொழியைக் கற்று, 1870இல் பாரிஸில் வைத்தியக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் புதிய கல்விச் சட்டத்தின்படி இலண்டன் பாடசாலைச் சபைக்குத் தேர்தல் நடைபெற்றது. பெண்களும் போட்டியிடலாம் என்றிருந்த மிகச் சில பதவிகளுள் அதுவும் ஒன்று. மேரிலபோன் தொகுதியில் நின்ற எலிசபெத் 47,000க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அடுத்த இடத்தில் வந்தவர் பேர்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லி. அவருக்குக் கிடைத்தவை 14,000க்கும் குறைவு. மறுவருடம் எலிசபெத் ஜேம்ஸ் ஸ்கெல்ற்றன் அன்டர்சனை மணந்தார். கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டுச் சென்ற ஓரியன்ற் கப்பல்களை நடத்தியவர்களுள் ஒருவர் அவர். மணமான பின்னும் எலிசபெத் தொழிலை விடவில்லை. 1872இல் பெண் வைத்தியர்களே பணியாற்றும் வைத்தியசாலை ஒன்றை நிறுவினார். 1883 முதல் பெண்களுக்கான இலண்டன் மருத்துவக் கல்லூரியின் பீடாதிபதியாகவும் விளங்கினார்.

இக்காலத்தில் ஊர்ச் சபைகளின் கதவு பெண்களுக்கு அங்குலம் அங்குலமாகவே திறந்தது. 1869இல் வரியிறுக்கும் பெண்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. மணமான பெண்ணுக்கு அது இல்லையென 1872இல் நீதிமன்றம் தீர்த்தது. 1889இல் சாண்ட்ஹேர்ஸ்ற் சீமாட்டி இலண்டன் மாவட்ட சபைக்குத் தெரிவானார். பெண் என்பதால் நீதிமன்றம் அவருடைய ஆசனத்தைப் பறித்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கிராமங்களில் கோவிற்பற்றுச் சபைகளை ஏற்படுத்தி, அவற்றில் பெண்கள், மணமானோர் உட்பட, வாக்களிக்கவும் அமரவும் வழிசெய்தது. நகரசபைகளின் படிகளில் அவர்கள் ஏற 1907 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1907இல்தான் எலிசபெத் தம் கணவரை இழந்தார். ஓய்வுபெற்று இருவரும் ஓல்ட்பரோவில் வாழ்ந்திருந்தனர். கணவர் அந்நகரின் மேயராகவும் இருந்தவர். முன்னொரு காலத்தில் தந்தையாரும் அப்பதவியை வகித்திருந்தார். 1908 நவம்பர் 9ஆம் நாள் நகரசபை எலிசபெத்தை மேயராகத் தெரிவுசெய்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. மறுவருடமும் அவரே தெரிவானார்.

ஆயினும் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் குறைத்தே கொடுத்தது. ஆண் ஒருவர் மேயரானால் அப்பதவியின் பேரிலேயே சமாதான நீதவானும் ஆவார். பெண் மேயருக்கு அது கிடையாது என 1907ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவைத்தது. தம் ஊரின் முதல் ஆசனத்தில் இருந்தவருக்குப் பாராளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்குக்கூட இருக்கவில்லை. வீதியைக் கூட்ட வரும் தொழிலாளிக்கு அவ்வாக்கு இருந்திருக்கலாம். வீதிக்குப் பொறுப்பான மேயருக்கு இல்லை.

இந்த முரண்பாட்டை அவர் சகித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. மேயர் பதவி முடிந்து ஒன்பதே நாளில், 1910 நவம்பர் 18ஆம் நாள், வாக்குரிமை கேட்டுப் பாராளுமன்றத்துக்குச் சென்ற பெண்கள் குழுவின் முன்வரிசையில் எமலின் பாங்க்ஹேர்ஸ்ற்றுடன் நடந்தார். பின்வந்த பெண்களைப் பொலிசார் மிகக் கடுமையாக நடத்திய நாள் அது. பின்னர் அவ்வியக்கம் தீவைப்பில் இறங்கியபோது அதை ஏற்காது விலகியும் கொண்டார். கோரிக்கையைக் கைவிடாமலே அவரால் வழியை மறுக்க முடிந்தது.

1917 டிசம்பர் 17ஆம் நாள் எலிசபெத் ஓல்ட்பரோவில் காலமானார். முப்பது வயதைக் கடந்த பெண்களுள் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை வழங்கிய சட்டம் நிறைவேறியது 1918 பெப்ரவரி 6இல். இடையில் ஏழு கிழமைகளே.

எமது பழைய மாணவிகளுள் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. அவர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். வடிகாலும் குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படும் ஊர்ச் சபைகளுக்குப் போட்டியிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், கைவிரல்களே மிஞ்சிவிடுமோ என அஞ்சுகிறோம். உலகப் புகழ்பெற்ற ஒரு வைத்தியர் எழுபத்திரண்டாவது வயதில் தம் சிறு பட்டினத்தின் கூட்டத்துக்குத் தலைமைதாங்கப் போனார். அந்த ஆசனம் தமக்குச் சிறிதென அவர் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டியதில்லை.