சுவார்ட்சு பாதிரியாரும் ஹைதர் அலி அளித்த 300 ரூபாயும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னதாக அமைந்த ஊர் இருங்காட்டுக்கோட்டை. 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் அங்கே கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், கொரிய நாட்டுப் பொறியாளர்கள் நம் ஊர்க் கடைவீதிகளில் காய்கறி வாங்குவதைக் காண்கிறோம். வேற்று நாட்டார் நம்மிடையே வந்து வாழ்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. அதே சாலையில் மேற்கே சென்றால் காஞ்சி மாநகர். அதனை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் அவர்தம் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முற்றாக முறியடித்தனர். அக்காலப் போர்களின் நினைவுத் தூண்கள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன. அப்போர் மூளாமல் தடுக்கும் பொருட்டு ஓராண்டு முன்னதாக ஒருவர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்று ஹைதரின் அருகமர்ந்து பேசினார் என்பது நம் மாணவருள் பலர் அறியாத செய்தி. அவர் தளபதியும் அல்லர், அமைச்சரும் அல்லர். பிறர் தந்த நன்கொடையில் உயிர் வாழ்ந்த செருமானியப் பாதிரியார் ஒருவர். கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு என்பது அவர் பெயர்.

1726-ஆம் ஆண்டு பிரசியாவின் பிராண்டன்பர்க் பகுதியில் உள்ள சோனன்பர்க் என்னும் சிற்றூரில் சுவார்ட்சு பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். இறக்கும் தறுவாயில் அந்த அன்னை, இம்மகனை இறைபணிக்கே வளர்க்க வேண்டுமெனக் கணவரிடம் உறுதி பெற்றார் என்பர். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய சூல்ட்சு என்பாரிடம் தமிழ் கற்றார். செருமனியின் குளிரில் அமர்ந்து, தமிழ் நிலத்தைக் கண்ணாலும் காணாத இளைஞர் ஒருவர் தமிழ் நெடுங்கணக்கை எழுதிப் பழகிய காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகப் பெற்றும் பிழையின்றி எழுதத் தயங்கும் நாம், எண்ணிப் பார்ப்பதோடு நாணவும் வேண்டும்.

1750-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் தரங்கம்பாடியை அடைந்தார். டேனிய மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் 1706-இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தொடங்கிய அமைப்பு அது. அதன் பொருளாதாரம் விந்தையானது. மன்னர் ஒரு பங்கு தந்தார். ஹாலே நகரத்தின் அநாதை இல்லத்தைச் சார்ந்த நிறுவனத்தார், செருமானிய மக்களிடம் திரட்டிய காணிக்கையை அனுப்பினர். இலண்டனில் 1698-இல் தோன்றிய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் பணமும் அச்சுப்பொறியும் தாளும் வழங்கியது. இவற்றுக்கு ஈடாகப் பாதிரிமார் கடிதங்கள் எழுதினர். அக்கடிதங்கள் ஹாலேயில் அச்சாகி, நன்கொடையாளர் இல்லந்தோறும் படிக்கப்பட்டன. கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லும் கடமை அப்பணியாளரின் தலைமேல் எப்போதும் நின்றது. நம் பள்ளிவாசல், மதரசா நிர்வாகப் பொறுப்பை ஏற்ற பெரியோர்க்கு இதன் கனம் எளிதில் விளங்கும். பிறர் பொருளை அமானிதமாகக் கையில் ஏந்தியவர் உறங்கும் உறக்கம் வேறு.

வந்த நான்கு திங்களுக்குள் சுவார்ட்சு தமிழில் மக்கள் முன் உரையாற்றினார். 1760-களின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்ந்த முறையை நேரில் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் விரிவாக எழுதி வைத்துள்ளார். பழங்கட்டடம் ஒன்றில் கட்டிலும் ஆளும் கொள்ளும் அளவேயான ஓர் அறை. நம்மவர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கறுப்புச் சாயமேற்றிய பருத்தித் துணியில் தைத்த அங்கி. ஆண்டு முழுமைக்கும் ஏறத்தாழ 48 பவுன் ஊதியம். அவ்வளவே. காலையில் உபதேசியார்கள் கூடுவர்; சேர்ந்து இறைவனை வணங்கிய பின் சுற்றூர்களுக்குப் பிரிந்து செல்வர்; மாலையில் திரும்பி அன்றைய நிகழ்ச்சிகளை எடுத்துரைப்பர். பின்னர் அவர் கோட்டைப் படைவீரர்க்குக் குருவாகவும் அமர்த்தப்பட, கம்பெனி ஆண்டுக்கு 100 பவுன் அளித்தது. அவ்வருவாயையும் அறப்பணிக்கே பெரிதும் திருப்பிவிட்டார். திருமணம் செய்து கொள்ளவில்லை.

திருச்சியில் அவர் கற்ற மொழிகள் தனியே குறிப்பிடத்தக்கன. நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆட்சியில் அரசவை மொழி பாரசீகம். முசுலிம் வீரரின் பேச்சு மொழி இந்துஸ்தானி. இரண்டையும் கற்றார். தஞ்சை அரசர்க்காக மராத்தியும் கற்றார். முசுலிம்களோடு சமயம் பற்றி உரையாட வேண்டும் என்பதே பாரசீகம் கற்றதன் நோக்கம். தம் மார்க்கத்துக்கு அழைப்பதே அவர் வேலை. அதனை அவர் மறைத்ததில்லை. அவருடைய கொள்கையை நாம் ஏற்பவர் அல்லோம். எனினும் ஒருவரிடம் சமயம் பேசுமுன் அவர் மொழியைக் கற்க வேண்டும் என்று கருதிய பண்பை ஏற்பதில் நமக்குத் தடையில்லை.

இனி ஸ்ரீரங்கப்பட்டணப் பயணம். 1769-இல் ஹைதரோடு செய்த உடன்படிக்கையைக் கம்பெனி காக்கவில்லை. மராத்தியர் தாக்கியபோது உதவிக்கு வரவில்லை. 1779-இல் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாகியையும் கைப்பற்றியது. ஹைதர் சினந்திருந்தார். அவர் மனத்தை அறியவும் அமைதி விருப்பத்தைத் தெரிவிக்கவும், சென்னை ஆளுநர் ரம்போல்டு, சுவார்ட்சை இரகசியமாக அழைத்தார். அரசியல் தூது இறைப்பணியாளர்க்கு உரியதா எனத் தயங்கிய சுவார்ட்சு, குருதி சிந்துவதைத் தடுக்கலாம் என்ற எண்ணத்தால் இசைந்தார். மொழிபெயர்ப்பாளர் எவரும் இன்றிப் பேசத்தக்கவர் என்பதாலேயே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஹைதர் அவரைத் தம் விரிப்பிலேயே அருகில் அமர்த்திக் கொண்டார். எழுதப் படிக்க அறியாத அம்மன்னர், பல எழுத்தர்க்கு ஒருங்கே ஆணைகளைச் சொல்லி எழுதுவித்த விரைவு பாதிரியாரை வியக்க வைத்தது. சாலைகளும் பாலங்களும் பழுதுற்றால் உடனே செப்பனிடப்பட்டதையும், அவரவர் சமயத்தை அவரவரே பேண மன்னர் விட்டுவிட்டதையும் அவர் குறித்து வைத்தார். அதிகாரிகளும் அஞ்சி நடுங்கிய கசையடித் தண்டனைகளையும் அதே குறிப்பில் எழுதினார். புகழ்ந்தால் முழுதும் புகழ்வது, இகழ்ந்தால் முழுதும் இகழ்வது என்னும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆதலின் ஹைதர் பற்றிய அவர் சான்றை வரலாற்றாசிரியர் இன்றும் மதிக்கின்றனர்.

விடைபெறும்போது ஹைதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். மறுப்பது மன்னரை அவமதிப்பதாகும் எனப் பிறர் எடுத்துரைக்கவே சுவார்ட்சு பெற்றுக்கொண்டார். சென்னை சேர்ந்ததும் அப்பணத்தை அரசிடம் ஒப்படைத்தார். அரசு அதனை அவரே வைத்துக்கொள்ளுமாறு கூற, தஞ்சையில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளிக்கு முதலீடாக்கினார். முசுலிம் மன்னரின் கொடையில் கிறித்தவர் தொடங்கிய அநாதைப் பள்ளி! தமிழகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் இதற்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

தூது பயன் தரவில்லை. கம்பெனி தன் போக்கை மாற்றவில்லை. 1780 சூலையில் ஹைதரின் படை கருநாடகத்தில் இறங்கியது. நம்பத்தகாத அரசு, நம்பத்தக்க மனிதர் ஒருவரின் நற்பெயரைச் செலவழித்துக் காலம் கடத்தியது என்றே சொல்லத் தோன்றுகிறது. அவர் அதனை முன்கூட்டி உணர்ந்திருக்க வேண்டாமா என வினவுவோர்க்கு எளிய விடை இல்லை. கம்பெனியின் ஊதியத்தையும் பெற்றவர் அவர். ஆயினும் ஹைதர் அவரை வஞ்சகராகக் கருதவில்லை. போர் நடந்த காலத்திலும், அப்பாதிரியாரைத் தடையின்றி எங்கும் செல்லவிடுமாறு தம் படையினர்க்கு ஆணையிட்டிருந்தார். 1783-இல் திப்புவிடம் செல்லும் தூதுக்குழுவில் சேரப் புறப்பட்டபோதோ, சத்தியமங்கலத்திலேயே தடுக்கப்பட்டுத் திரும்ப நேர்ந்தது.

போரோடு பஞ்சமும் தஞ்சையைச் சூழ்ந்தது. சுவார்ட்சு முன்னறிந்து நெல் வாங்கிச் சேமித்திருந்தமையால் பலர் உயிர் பிழைத்தனர். கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே நெல் இருந்தும், கொண்டுவந்தால் பணம் கிடைக்கும் என்று உழவர் நம்பவில்லை. மன்னரின் சொல்லும் எடுபடவில்லை. கம்பெனியின் சொல்லும் எடுபடவில்லை. சுவார்ட்சு தாமே பொறுப்பேற்பதாகக் கடிதம் எழுதியதும், சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. பணம் குறைவின்றி வழங்கப்பட்டது.

1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்ற அவர் துணை நின்றார். பாளையங்கோட்டையில் கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். தமிழ் உலகம் பின்னர் அறிந்த வேதநாயக சாத்திரியார் அச்சிறுவரே.

1787-இல் தஞ்சை மன்னர் துளஜா, தாம் தத்தெடுத்த சிறுவர் சரபோஜியைச் சுவார்ட்சின் பாதுகாப்பில் விட நினைத்து இறந்தார். சுவார்ட்சு அப்பொறுப்பை மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் விடுமாறு அறிவுரைத்தார். இது அவர் செய்த பிழை. அரியணையைத் தனதாக்கிக் கொண்ட அமர்சிங், சிறுவரை இருளறையில் அடைத்தாற்போல வைத்தார், கல்வியும் மறுக்கப்பட்டது. பிழையை உணர்ந்த சுவார்ட்சு மீண்டும் மீண்டும் முறையிட்டு, 1793-இல் சரபோஜியைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார், தத்துரிமைக்காகவும் வாதாடினார். இத்தனை ஆண்டு உடனிருந்தும் சரபோஜி மதம் மாறவில்லை, இந்துவாகவே வாழ்ந்தார். அதனால் இருவர் அன்பும் குறையவில்லை.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்சு தஞ்சையில் காலமானார். சேமிப்பனைத்தும் அறப்பணிக்கே எழுதி வைத்திருந்தார். அடக்கத்தின்போது சரபோஜி கண்ணீர் வடித்து நின்றார். அதே ஆண்டு சூன் திங்களில் அவர் அரியணை ஏறினார். ஆசான் அதனைக் காணவில்லை. சரசுவதி மகால் நூலகத்தை வளப்படுத்திய அம்மன்னர், இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் ஒன்றைச் செய்வித்தார்; ஆங்கிலத்தில் இரங்கற்பாவும் தாமே இயற்றினார். தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில், படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பற்றிய இளவரசரை அப்பளிங்கில் காணலாம். நம் துறை மாணவர்கள் தஞ்சைக்குக் கல்விச் சுற்றுலா செல்லுங்கால், பெரிய கோயிலையும் நூலகத்தையும் கண்டபின் அரைமணி நேரம் அங்கும் செல்க.